‘வேகமாக அல்ல’ என்று அவர் எழுதித்தான் வைத்திருந்தார்

சனிக்கிழமை காலையில் எங்கள் புளோக்கில் எந்த மாடியில் லிஃப்ட் நின்றாலும் யாராவது ஒரு பிள்ளை பியானோ தட்டுவது கேட்கும். அதில் பாதி நேரம் அது ‘ஹேப்பி ஃபார்மர்’ ஆகத்தான் இருக்கும். கிரேடு தேர்வுக்குப் பிள்ளையை அனுப்புகிற வீட்டில் யாருக்கும் தெரிந்த உருப்படி, இடது கை பாட, வலது கை துள்ளித் துள்ளிப் பின்பாட்டுப் போடும். எழுதியவர் ராபர்ட் ஷூமன், 1848இல் தன் மூத்த மகளுக்காகத் தொடங்கிய குழந்தைகள் தொகுப்பில் இருப்பது. என் மகளும் அதை ஆறு மாதம் போட்டு உருட்டினாள். ஒருநாள் வகுப்பு முடிந்து வந்தவள், “அப்பா, இவருக்குக் கடைசியில பைத்தியம் பிடிச்சிருச்சாம், டீச்சர் சொன்னாங்க” என்றாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே அடுத்த கேள்வி: “அப்ப இது அதுக்கு முன்னாடி எழுதினதா, பின்னாடி எழுதினதா?”

நான் சிரித்துவிட்டேன். ஷூமனின் கடைசிக் காலப் படைப்புகளை வைத்து ஒன்றரை நூற்றாண்டாக விமர்சகர்கள் கேட்டுக்கொண்டிருந்ததும் இதே கேள்விதான், மீசை முறுக்கிக்கொண்டு கேட்டார்கள், அவ்வளவுதான். எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பார்ப்பதற்கு முன்னால் எப்போது எழுதியது என்று தேதியைப் பார்ப்பது. தேதி 1850க்குப் பிறகு என்றால் காது தானாகவே குறை தேட ஆரம்பித்துவிடும்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். 1810இல் பிறந்த ஷூமன் 1850இல் டுசல்டார்ஃப் நகரின் இசை இயக்குநராகப் போனார். அந்த வேலை அவருக்குக் கொஞ்சமும் ஒத்துவரவில்லை. கூச்ச சுபாவம், குரல் எழாது, இசைக்குழுவின் முன்னால் நின்றுகொண்டு தன் யோசனைக்குள் போய்விடுவார். 1853 நவம்பரில் கமிட்டி, இனி உங்கள் சொந்தப் படைப்புகளை மட்டும் நீங்கள் நடத்தினால் போதும், மற்றதை உதவியாளர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டது. அடுத்த பிப்ரவரியில் காதுக்குள் சத்தம். முதலில் ஒரே ஒரு சுரம் விடாமல் ஒலித்தது, அப்புறம் முழு இசைக்குழு, அப்புறம் தேவதைகள் பாடுவது, கடைசியில் அந்தத் தேவதைகளே பேய்களாக மாறி மிரட்டுவது. 1854 பிப்ரவரி 27, ரைன் நதிக்கரை ஊர்களில் கார்னிவல் திங்கட்கிழமை, தெருவெல்லாம் முகமூடியும் கொண்டாட்டமும். வீட்டு அங்கியோடு அந்தக் கூட்டத்துக்குள் இறங்கி நடந்து, பாலத்துக்குப் போய், ஆற்றில் குதித்தார். பாலத்துச் சுங்கத்துக்குக் கையில் காசில்லாமல் பட்டுக் கைக்குட்டையை அடமானமாகக் கொடுத்துவிட்டுப் போனார் என்று வாழ்க்கை வரலாறுகளில் வரும். சாகப் போகிற மனிதன் சுங்கத்துக்குக் கணக்கு வைத்துவிட்டுப் போகிறான், அந்த ஒரு விவரம் என்னை விடுவதில்லை.

காப்பாற்றிக் கரை சேர்த்தார்கள். ஒரு வாரத்தில், பான் நகருக்குப் பக்கத்தில் எண்டனிக் என்ற இடத்தில் இருந்த தனியார் மனநல விடுதியில் சேர்த்தார்கள். மனைவி கிளாரா, ஐரோப்பாவின் தலைசிறந்த பியானோ கலைஞர்களில் ஒருவர், அவரைப் பார்க்க மருத்துவர்கள் இரண்டு வருஷத்துக்கு மேல் அனுமதிக்கவில்லை. 1856 ஜூலை 27 அன்று பார்த்தார். 29ஆம் தேதி ஷூமன் இறந்தார், வயது 46.

இந்தக் கதை தெரிந்த பிறகு அந்த இசையைக் கதை இல்லாமல் கேட்க முடியாது. அதுதான் சிக்கல். இதைச் சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நாங்கள் பள்ளியில் படித்தபோது ஒரு பையன் கொஞ்சம் வித்தியாசமாகப் பேசினால் போதும், ‘உட்பிரிட்ஜ்’ என்று முத்திரை குத்திவிடுவோம். அந்த மருத்துவமனை மனநலக் கழகம் என்று 1993இலேயே பெயர் மாறிவிட்டது, ஆனாலும் பழைய பெயர் கேலிச்சொல்லாக எவ்வளவு நாள் ஓடியது! முத்திரை விழுந்த பிறகு அந்தப் பையன் என்ன சொன்னாலும் அது பேச்சாகக் கேட்காது, அறிகுறியாகத்தான் கேட்கும். ஷூமனுக்கு நடந்ததும் அதேதான். 1858இல் வந்த முதல் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் வாசியலெவ்ஸ்கி, டுசல்டார்ஃபில் ஷூமனுக்குக் கீழே முதல் வயலின் வாசித்தவர், கூட இருந்து பார்த்தவர். கடைசி வருஷங்களில் சரக்கு தீர்ந்துகொண்டே வந்தது என்ற சித்திரம் அவரிடமிருந்து கிளம்பி நிலைத்துவிட்டது. லிஸ்ட், வாக்னர் பக்கம் நின்ற எதிர் முகாமிலிருந்து இசையமைப்பாளர் டிரேசெக்கே இன்னும் சுருக்கமாகச் சொன்னார், மேதையாகத் தொடங்கித் திறமைசாலியாக முடித்தவர் என்று. இப்படி ஒரு வாக்கியம் கிடைத்துவிட்டால் அப்புறம் யார் இசையைக் கேட்கப் போகிறார்கள்?

இதில் இருக்கும் வேடிக்கை என்னவென்றால், ‘கடைசிக் காலம்’ எங்கே தொடங்குகிறது என்பதை யாரும் ஒழுங்காக வரையறுத்ததே இல்லை. செல்லோ கன்செர்ட்டோவை (ஒரு தனிக் கருவி முன்னால் நிற்க, முழு இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கிற படைப்புதான் கன்செர்ட்டோ) ஷூமன் எழுதியது 1850 அக்டோபர், டுசல்டார்ஃப் போய் இறங்கிய சில வாரங்களில், இரண்டே வாரத்தில். அது முடிந்த கையோடு நவம்பரில் தொடங்கியது மூன்றாவது சிம்பொனி, ‘ரைனிஷ்’ என்பார்கள். அதே மனிதர், அதே வீடு, அதே பேனா. சிம்பொனி 1851 பிப்ரவரியில் அரங்கேறி, இன்றுவரை எல்லா ஊரிலும் வாசிக்கப்படுகிறது, அதை யாரும் நோயாளியின் படைப்பு என்று சொல்லிக் கேட்டதில்லை. செல்லோ கன்செர்ட்டோ? அவர் உயிரோடு இருந்தவரை ஒரு பொது மேடையைக்கூடப் பார்த்ததாகத் தெரியவில்லை, 1860இல்தான் அரங்கேறியது. அதற்கப்புறமும் இசைக்குழு எழுத்து மங்கல், தெளிவில்லை, கைவிட்டுப்போன காலத்துச் சரக்கு என்று நூறு வருஷம் சொன்னார்கள். 1963இல் ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச் அதன் இசைக்குழுப் பகுதியைத் தன் கையால் திருத்தியே எழுதிவிட்டார். பிடித்தால் நடுக்காலம், பிடிக்காவிட்டால் கடைசிக் காலம். தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இப்படித்தான் கோடு போட்டிருக்கிறார்கள் என்று தெரியும்.

ஆனால் செல்லோ கன்செர்ட்டோ அதிர்ஷ்டசாலி. அச்சாகிவிட்டது, ஷூமன் கண்முன்னாலேயே. வயலின் கன்செர்ட்டோவுக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை.

1853 மே மாதம் யோசப் யோவாகிம் என்ற இளைஞர், வயது இருபத்திரண்டு நிரம்பவில்லை, டுசல்டார்ஃபுக்கு வந்து பேத்தோவனின் வயலின் கன்செர்ட்டோவை ஷூமன் நடத்த வாசித்தார். ஷூமன் சொக்கிப் போனார். அந்த இலையுதிர் காலத்தில் அவர் எழுதியதைப் பார்த்தால் நோயாளி மாதிரியா இருக்கிறது? யோவாகிமுக்காக ஒரு ஃபேன்டஸி, அப்புறம் செப்டம்பரில் தொடங்கி அக்டோபர் 3இல் முடித்த வயலின் கன்செர்ட்டோ, அதே நாட்களில் கதவைத் தட்டிக்கொண்டு வந்த இருபது வயது இசையமைப்பாளர் பிராம்ஸ், அவரை உலகத்துக்கு அறிமுகப்படுத்தி ஷூமன் எழுதிய கட்டுரை, நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து யோவாகிமுக்குப் பரிசாக எழுதிய சொனாட்டா, அப்புறம் ‘விடியல் பாடல்கள்’ என்ற ஐந்து பியானோ உருப்படிகள். எல்லாம் சில வாரங்களுக்குள். இதை வற்றிப்போன கிணறு என்று சொல்ல ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

யோவாகிம் அந்தக் கன்செர்ட்டோவைப் பற்றி எழுதிய இரண்டு கடிதங்கள் இருக்கின்றன, இந்தக் கட்டுரையின் உயிர் அந்த இரண்டுக்கும் நடுவில்தான். முதலாவது 1854 நவம்பர், ஷூமன் எண்டனிக்கில் இருக்கிறார், அவருக்கே எழுதுகிறார். ஹானோவரில் ஒத்திகையில் உங்கள் கன்செர்ட்டோவை நான் சரியாக வாசிக்கவில்லை, இசைக்குழு நடத்தி நடத்திக் கை சோர்ந்திருந்தது, இப்போது எனக்கு நன்றாகப் பிடிபட்டிருக்கிறது, அந்த மூன்றாம் பகுதியின் தாளம் இப்போது எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது தெரியுமா என்கிற தொனி. போலந்து வீரர்கள் கோசியுஸ்கோவும் சோபியெஸ்கியும் சேர்ந்து பொலனேஸ் நடனத்தைத் தொடங்கி வைக்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி நாம் சிரித்தோமே, நினைவிருக்கிறதா என்றும் கேட்கிறார். இரண்டாவது கடிதம் 1898, நாற்பத்துநான்கு வருஷம் கழித்து, தன் வாழ்க்கை வரலாற்றை எழுதிய மோசருக்கு. இப்போது அதே கன்செர்ட்டோவில் அவருக்குத் தெரிவது ஒரு களைப்பு, வற்றிப்போன மனதைப் பிழிந்து எடுக்கிற முயற்சி, வயலினுக்குப் பொருந்தாத வரிகள். அங்கங்கே சில இடங்கள் ஆழமானவை என்று மட்டும் விட்டுக்கொடுக்கிறார்.

ஸ்கோர், அதாவது எழுதி வைத்த இசைப் பிரதி, ஒன்றுதான். ஒரு சுரம்கூட மாறவில்லை. நடுவில் நடந்தது எண்டனிக், மரணம், அதைச் சுற்றி வளர்ந்த கதை. யோவாகிம் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. நோயுற்ற நண்பரிடம் இதமாகப் பேசியிருக்கலாம், அதுவும் உண்டு. ஆனால் அந்தப் பொலனேஸ் சிரிப்பு ஆறுதலுக்காக ஜோடித்தது மாதிரி இல்லை, அது கேட்டவனின் நினைவு.

அப்புறம் நடந்தது பூட்டுவதும் எரிப்பதும். கிளாரா, யோவாகிம், பிராம்ஸ் மூவரும் கன்செர்ட்டோவை வெளியிட வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள், கிளாரா பதிப்பித்த முழுத் தொகுப்பில் அது இல்லை. கையெழுத்துப் பிரதி யோவாகிமிடம் இருந்தது, அவர் 1907இல் இறந்த பிறகு பெர்லினில் இருந்த பிரஷ்ய அரசு நூலகத்துக்குப் போனது, ஷூமன் இறந்து நூறு வருஷம் ஆகும்வரை, அதாவது 1956வரை, வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடு. 1853இல் எழுதிய செல்லோ ரொமான்ஸ்கள் என்ற சிறு உருப்படிகள் ஐந்தையும் 1893இல் கிளாரா எரித்தே விட்டார். நாற்பது வருஷம் வைத்திருந்துவிட்டு எரித்தார்.

கிளாராவை வில்லியாக்குவது சுலபம், பலர் செய்கிறார்கள், நான் செய்ய மாட்டேன். கணவர் ஆற்றில் குதித்தபோது அவர் வயிற்றில் பிள்ளை. ஏழு பிள்ளைகளையும் கச்சேரி வாசித்துக் காப்பாற்றினார். வெளியே எதிர் முகாம் காத்துக்கொண்டிருக்கிறது, பலவீனமான ஒரு பக்கம் கிடைத்தால் போதும், பார் பார், நாங்கள் அப்போதே சொன்னோம் என்பார்கள். குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறதே, அது லைப்சிக்கிலும் ஒன்றுதான் ஈசூனிலும் ஒன்றுதான். நம் வீடுகளில் மனநலம் சரியில்லாத சித்தப்பாவின் ஃபோட்டோ ஆல்பத்தில் மட்டும் காணாமல் போவதில்லையா?

ஆனாலும் ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது. இதே ஷூமன் 1839 புத்தாண்டு சமயத்தில் வியன்னாவில் இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் அண்ணன் ஃபெர்டினாண்ட் வீட்டுக்குப் போய், அங்கே தூசி படிந்து கிடந்த காகிதக் கட்டுகளுக்குள்ளிருந்து ஷூபர்ட்டின் பெரிய சி மேஜர் சிம்பொனியை வெளியே எடுத்தவர். ஷூபர்ட் இறந்து பத்து வருஷம் ஆகியிருந்தது, வாசிக்க முடியாத அளவு நீளம் என்று ஒதுக்கப்பட்ட படைப்பு. ஷூமன் அதை லைப்சிக்குக்கு அனுப்பினார், அந்த மார்ச்சிலேயே இசையமைப்பாளர் மெண்டல்சன் அரங்கேற்றினார். அந்த நீளத்தை, எல்லாரும் குறை என்று சொன்னதை, ‘தெய்வீக நீளம்’ என்று ஷூமன் எழுதினார். செத்துப்போனவனின் கடைசிப் பக்கங்களை அலமாரியிலிருந்து மீட்ட மனிதர். அவருடைய கடைசிப் பக்கங்களுக்கு அப்படி ஒரு ஆள் வரவில்லை.

வந்தது ஆவி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1933இல் லண்டனில் யெல்லி டாரான்யி என்ற வயலின் கலைஞர், யோவாகிமுக்குப் பேத்தி முறை, எழுத்துப் பலகையும் கண்ணாடித் தம்ளரும் வைத்து ஆவியோடு பேசும் அமர்வில் உட்கார்ந்திருந்தபோது, அச்சாகாத என் கன்செர்ட்டோவைத் தேடி வாசி என்று ஒரு செய்தி வந்ததாம். யார் என்று கேட்டால் ராபர்ட் ஷூமன். லண்டனில் இருந்த ஸ்வீடன் தூதரே இந்தத் தேடலில் இறங்கினார். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம், என் கணக்கு வேறு: யோவாகிம் வீட்டுப் பெண்ணுக்கு அப்படி ஒரு கன்செர்ட்டோ இருப்பது சின்ன வயதிலேயே காதில் விழுந்திருக்க வாய்ப்பிருக்கிறது, மனதின் அடியில் கிடந்தது தம்ளர் வழியாக மேலே வந்திருக்கும்.

ஆவி தட்டிய கதவை நாஜிகள் திறந்தார்கள். மெண்டல்சன் யூதர் என்பதால் அவருடைய புகழ்பெற்ற வயலின் கன்செர்ட்டோவை ஜெர்மன் மேடைகளிலிருந்து விரட்டியாகிவிட்டது, அந்த இடத்தில் வைக்க ஒரு ‘சுத்தமான’ கன்செர்ட்டோ தேவைப்பட்டது. 1956வரை காத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை காற்றில் போனது, ஷூமனின் மகள்களில் அப்போது உயிரோடிருந்த யூஜெனி எதிர்த்தும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1937 நவம்பர் 26, பெர்லின், பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் பேசிய அரசு விழாவில் கூலன்காம்ப் வயலின் வாசிக்க, கார்ல் போம் நடத்த அரங்கேற்றம். வயலின் பகுதியை வாசிக்கத் தோதாகத் திருத்திக் கொடுத்தவர் இசையமைப்பாளர் ஹிண்டமித் என்கிறார்கள், அவருடைய சொந்த இசைக்கே அந்த ஆட்சியில் தடை. மெண்டல்சனை உயிராக நேசித்த ஷூமனை மெண்டல்சனுக்கு எதிராக நிறுத்தினார்கள், தடை செய்யப்பட்டவன் கையால் மெருகேற்றி. இதற்கு மேல் ஒரு படைப்பை அவமானப்படுத்த வழியில்லை.

நல்லவேளை, அதே சமயத்தில் வயலின் கலைஞர் யெஹுதி மெனுகின் கைக்கும் ஸ்கோர் போயிருந்தது. பிற்பாடு பி.கே.எஸ். அய்யங்காரிடம் யோகா கற்றாரே, ரவிசங்கரோடு வாசித்தாரே, அதே மெனுகின்தான், அப்போது 21 வயது. வயலின் இலக்கியத்தில் காணாமல் போயிருந்த கண்ணி இது என்று அவர் சொன்னார், பேத்தோவனுக்கும் பிராம்ஸுக்கும் நடுவே உள்ள கண்ணி. திருத்தாத வடிவத்தை அவர் அமெரிக்காவில் அதே டிசம்பரில் வாசித்தார். சரி, இனிமேலாவது விடிந்ததா என்றால், இல்லை. அடுத்த ஐம்பது வருஷம் அது ஒரு விநோதப் பொருள். வாசிப்பவர்கள் வாசித்தார்கள், நிகழ்ச்சிக் குறிப்பில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே.

குறிப்பாக மூன்றாம் பகுதி. திரும்பத் திரும்ப வருகிறது, அசட்டுத்தனமாக இருக்கிறது, வயலின் ஓடி ஓடி எங்கும் போய்ச் சேரவில்லை என்பது குற்றச்சாட்டு. இதை நானும் நம்பிக்கொண்டிருந்தேன். பழைய பதிவு ஒன்றைத்தான் முதலில் கேட்டேன், சைனாடவுனிலிருந்து பொங்கோல் போகிற ரயிலில், ஊதா வழித்தடத்தில், கடைசியில் தலைவலிதான் மிச்சம். தையல் மெஷின் ஓடுகிற மாதிரி இருந்தது. அப்புறம் கிடோன் கிரெமர் வாசித்து, நிக்கோலஸ் ஹார்னன்கோர்ட் நடத்தி 1990களில் வந்த பதிவைக் கேட்டேன். அதே சுரங்கள். ஆனால் வேறு ஒரு படைப்பு.

என்ன செய்தார்கள்? ஸ்கோரில் எழுதியிருந்ததைச் செய்தார்கள். மூன்றாம் பகுதியின் தலைப்பில் ஷூமன் எழுதியது, ‘உயிரோட்டமாக, ஆனால் வேகமாக அல்ல’. அதோடு மெட்ரோனோம் எண், அதாவது எவ்வளவு வேகத்தில் தாளம் போட வேண்டும் என்ற கணக்கு, நிமிடத்துக்கு 63 தட்டு. கைப்பேசியில் 63 வைத்துக் கேட்டுப் பாருங்கள், கடிகாரத்தின் நொடிமுள்ளைவிடச் சற்றே வேகம், அவ்வளவுதான். வயலின் வித்வான் கடைசிப் பகுதியில் பட்டாசு வெடிக்க வேண்டும் என்பது கன்செர்ட்டோ மரபு, அதனால் எல்லாரும் அந்த எண்ணைத் தவறு என்று ஒதுக்கினார்கள். நோயாளி போட்ட எண்தானே, அவருக்குக் கால உணர்வே போயிருக்கும் என்ற சமாதானமும் கைவசம் தயாராக இருந்தது. எண்ணை ஒதுக்கி, வேகமாக வாசித்து, வேகமாக வாசித்தால் நன்றாக இல்லை என்று கண்டுபிடித்து, அதற்கும் நோயையே காரணம் காட்டுவது. சுற்றிச் சுற்றி ஒரே வட்டம்.

எங்கள் மாடியில் மிருதங்கம் வாசிக்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார், கோயில் கச்சேரிகளுக்குப் போகிறவர், மேற்கத்திய இசைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். இரண்டு பதிவுகளையும் அவருக்குப் போட்டுக் காட்டினேன். முதலாவது ஓடி முடிக்கும்வரை தொடையில் தாளம் போட முயன்று விட்டுவிட்டார். இரண்டாவதில் பத்து ஆவர்த்தனம் போயிருக்காது, “தம்பி, இது பதம். முதல் ஆள் இதை ஜாவளின்னு நெனச்சு வாசிச்சிருக்கார்” என்றார். எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. சௌக்க காலத்தில் விட்டுவிட்டுப் பாட வேண்டிய க்ஷேத்ரய்யர் பதத்தைத் துரிதத்தில் ஓட்டினால் அந்தப் பாட்டில் ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும். மெதுவாக வாசித்தால்தான் அந்த வயலின் வரிகள் ஏன் கீழ் ஸ்தாயியில் சுற்றுகின்றன, இசைக்குழுவின் காற்றுக் கருவிகள் ஏன் நடுநடுவே எட்டிப் பார்க்கின்றன என்று காதில் விழுகிறது. 1854இல் யோவாகிம் சொன்னது இதைத்தானே, தாளம் கம்பீரமாக இருக்கிறது என்று!

1990களிலிருந்து திரும்பக் கேட்பது வேகம் எடுத்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. எண்டனிக் மருத்துவர் ரிஷார்ட்ஸ் எழுதிய நோய்க் குறிப்புகள், குடும்பத்தின் வழியாக இசையமைப்பாளர் அரிபெர்ட் ரைமன் கைக்கு வந்து, அவர் 1991இல் பெர்லின் கலைக் கழகத்திடம் ஒப்படைத்தார், 2006இல் முழுமையாக அச்சில் வந்தன. அதுவரை ஆளுக்கொரு நோய் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தான் 1831இல் சிபிலிஸ் நோய்க்குச் சிகிச்சை பெற்றதாக ஷூமனே சொன்னது குறிப்புகளில் இருக்கிறது, அதனால் மூளை தாக்கப்பட்டது என்பது இன்று பலர் ஏற்கும் விளக்கம். அப்படியென்றால் என்ன அர்த்தம்? 1853இல் அவர் நோயோடு இருந்தார் என்பது ஒன்று, அந்த நோய்தான் பேனாவைப் பிடித்தது என்பது வேறொன்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க அறிஞர்கள் பழகியது அண்மையில்தான். எரிந்துபோன செல்லோ ரொமான்ஸ்களை நினைத்து இசையமைப்பாளர் ஹைன்ஸ் ஹாலிகர் 2003இல் ஒரு படைப்பே எழுதினார், பெயரிலேயே ரொமான்ஸும் சாம்பலும் ஒட்டிக்கிடக்கும்.

ஆனால் இப்போது எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டது தராசு. சில வருஷங்களுக்கு முன் இங்கே ஒரு கச்சேரிக்குப் போயிருந்தேன், எந்த அரங்கம் என்பது வேண்டாம். கையில் கொடுத்த நிகழ்ச்சிக் குறிப்பில் முதல் வரியே ஆற்றில் குதித்த கதை. அந்த மாலை வாசித்த படைப்பு அதற்கு மூன்றரை வருஷம் முன்னால் எழுதியது! இடைவேளையில் காபி வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒருவர், அந்த இசையில் பித்து அப்படியே தெரிகிறது, எவ்வளவு அழகு என்று உருகிக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பித்து என்று சொல்லி ஒதுக்கினார்கள், இன்றைக்குப் பித்து என்று சொல்லி டிக்கெட் விற்கிறார்கள். இரண்டு பேர் கையிலும் அதே மருத்துவ ஃபைல். கடைசிக் காலம் என்றாலே ஆழம், உடைசல், மரணத்தின் வாசனை என்று ஒரு ரசனையே இப்போது உருவாகியிருக்கிறது, பேத்தோவனின் கடைசி நால்வர் இசைகளை வைத்து வளர்ந்த ரசனை அது, ஷூமனுக்கும் அதே சட்டையைப் போட்டுப் பார்க்கிறார்கள்.

எல்லாமே பொக்கிஷம் என்று நான் சொல்லவில்லை. அந்த வருஷங்களின் சில பாடகர் குழுப் படைப்புகளை என்னால் பாதிக்கு மேல் கேட்க முடியவில்லை, எழுதிக் குவித்த வேகம் தெரிகிறது. வயலின் கன்செர்ட்டோவின் முதல் பகுதிகூட எனக்குக் கொஞ்சம் முரட்டுச் சுவர்தான், ஒரே சதுரத்தைத் திரும்ப அடுக்கிய மாதிரி. ஆனால் இந்தக் குறையைச் சொல்ல எனக்கு எண்டனிக் தேவையில்லை. ‘விடியல் பாடல்கள்’ முதல் உருப்படியைப் பாருங்கள், ஒரு கீர்த்தனம் மாதிரி இரண்டு கைகளும் ஒன்றாக மெதுவாக எழுகின்றன, நடுவில் சுரங்கள் ஒன்றோடொன்று இலேசாக உரசி விலகுகின்றன, அந்த உரசல்தான் விடியற்காலை. அவ்வளவு தனித்தன்மையானவை, ஆனால் பிடிபடவில்லை, தொனி விசித்திரமாக இருக்கிறது என்று கிளாராவே நாட்குறிப்பில் எழுதினார். அவர் எழுதியது 1853இல், ஆற்றுக்கு முன்னால். விசித்திரம் என்ற சொல்லில் அப்போது இன்னும் நோய் கலக்கவில்லை.

ஓர் இடத்தில் மட்டும் என்னால் கதையைக் கழற்றிவைக்க முடிவதில்லை. 1854 பிப்ரவரி 17 இரவு ஷூமன் படுக்கையிலிருந்து எழுந்து, தேவதைகள் பாடிக் கொடுத்ததாக ஒரு மெட்டை எழுதி வைத்தார். அதை வைத்து மாறுபாடுகள், அதாவது அதே மெட்டை விதவிதமாக மாற்றிப் போடுகிற உருப்படிகள், எழுதிக்கொண்டிருந்தபோதுதான், பிரதி எடுக்கிற வேலையின் நடுவில், எழுந்து ஆற்றுக்குப் போனார். அந்த மெட்டை வயலின் கன்செர்ட்டோவின் இரண்டாம் பகுதியோடு சேர்த்துக் கேளுங்கள். செல்லோக்கள் தாளத்துக்குச் சற்றுத் தள்ளித் தள்ளி முனக, அதன்மேல் வயலின் எடுக்கிற அந்த முதல் வரி, கிட்டத்தட்ட அதேதான். நான்கு மாதத்துக்கு முன் தான் எழுதிய மெட்டு, தனக்கே அடையாளம் தெரியாமல், வெளியிலிருந்து யாரோ கொடுத்ததாக அவருக்குக் கேட்டிருக்கிறது. மெட்டை மட்டும் பிராம்ஸ் 1893இல் முழுத் தொகுப்பின் துணை நூலில் சேர்த்தார், அதற்கு முன்பே 1861இல் அதைக் கருவாக வைத்து நான்கு கை பியானோவுக்குத் தானும் மாறுபாடுகள் எழுதியிருந்தார். ஷூமனின் மாறுபாடுகள் வெளிவர 1939 ஆனது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் ஹேப்பி ஃபார்மரை விட்டு இரண்டு கிரேடு தாண்டிவிட்டாள், அவள் காதில் ஹெட்ஃபோனை மாட்டி அந்த மூன்றாம் பகுதியைப் போட்டேன். மெதுவான பதிவு. யார் எழுதியது, எப்போது, ஒன்றும் சொல்லவில்லை. சோபாவில் காலை ஆட்டிக்கொண்டு கேட்டாள், கொஞ்ச நேரத்தில் கால் தாளத்தோடு சேர்ந்துகொண்டது. எப்படி இருக்கு என்றேன்.

“தைப்பூசத்துக்கு மொத நாள் வெள்ளி ரதம் வரும்ல, அதுக்கு முன்னாடி பெரியவங்க நல்லா உடுத்திக்கிட்டு மெதுவா நடந்து வருவாங்களே,” என்றாள், “அந்த மாதிரி.”